வாய்ச்சொல்லும் வாடகை வீடும்

நம்பிக்கை உள்ள இடத்தில் எழுத்து எதற்கு? எழுதித் தரும்படி கேட்பது, எதிரில் இருப்பவரை அவமதிப்பது ஆகாதா? நம் குடும்பங்களில் நெடுங்காலமாகக் கேட்கப்பட்டு வரும் வினா இது. உடன்பிறந்தாரிடையே கொடுக்கல் வாங்கலாயினும், அண்டை வீட்டாருக்குக் கைமாற்றாயினும், தெரிந்தவர் மகனுக்கு வீட்டை வாடகைக்கு விடுவதாயினும், "நமக்குள் எழுத்து என்ன வேண்டிக் கிடக்கிறது?" என்ற ஒரே சொல்லில் பேச்சு முடிந்து விடுகிறது. அந்தச் சொல்லில் ஒரு பெருந்தன்மை இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பெருந்தன்மைக்குப் பின்னாளில் விலை கொடுப்பவர் யார் என்பதை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

கோவில்பட்டிக்குக் கிழக்கே, எட்டயபுரத்தையும் விளாத்திகுளத்தையும் தழுவிப் பரந்து கிடக்கும் கரிசல் சீமையில் அமைந்த பேரூர் புதூர். வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழை கை கொடுத்தால் பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் மிளகாயும் மல்லியும் வீடு வந்து சேரும். பொய்த்தால் கடன்தான் வந்து சேரும். இத்தகைய மானாவாரிச் சீமையில் நிலத்தை வாரத்திற்கு விட்டவர்களும் பிடித்தவர்களும் பெரும்பாலும் வாய்ச்சொல்லையே நம்பி வாழ்ந்தார்கள். வேப்பமரத்தடியில் பேசியதே பத்திரம்; கூட நின்று கேட்டவரே சாட்சி.

அந்த வாய்ச்சொல் அங்கே எதனால் நின்றது? அக்காலத்து மனிதர்கள் அனைவரும் உத்தமர்களாய் இருந்ததனால் என்று நாம் சொல்லிக் கொள்கிறோம். உண்மை அவ்வளவு எளிதன்று. சொன்னவரும் கேட்டவரும் அதே ஊரில் பிறந்து அதே ஊரில் மண்ணுக்குள் போகிறவர்கள். வாக்குத் தவறியவருக்கு மறுவருடம் ஆள் கிடைக்காது. அவர் வீட்டுப் பிள்ளைக்குப் பெண் கொடுக்கவும் ஊரார் தயங்குவார்கள். அங்கே எழுத்துத்தான் இல்லாதிருந்தது. சாட்சி ஊர் முழுவதும் இருந்தது.

அப்படி இருந்தும் வலியவர்க்கும் எளியவர்க்கும் இடையே அந்த ஏற்பாடு பலமுறை உடைந்தது. பயிரிடும் குத்தகையாளரைக் காக்க 1955 இல் சட்டம் வந்தது. ஆனால் தாம் குத்தகையாளர்தாம் என்று மெய்ப்பிக்க ஒரு துண்டுச் சீட்டும் இல்லாதவர் அந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? அதனால்தான் 1969 இல், குத்தகை உரிமைகளைப் பதிவேட்டில் ஏற்றுவதற்கென்றே தமிழ்நாடு மற்றொரு சட்டத்தை இயற்ற நேர்ந்தது. எழுத்து இல்லாத உறவில் முதலில் தோற்பவர் யார் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இன்று அந்தக் கரிசல் காட்டுப் பிள்ளைகள் ஏர் பிடிப்பதை விட்டு ஏடு பிடித்திருக்கிறார்கள். கோவில்பட்டியில் 1966 இல் தொடங்கிய ஜி. வெங்கடசாமி நாயுடு கல்லூரிக்கும், 1984 இல் தொடங்கிய நேஷனல் பொறியியற் கல்லூரிக்கும், பாளையங்கோட்டையில் 1971 இல் எழுந்த சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரிக்கும், இன்னும் மதுரைக்கும் சென்னைக்கும் அவர்கள் செல்கிறார்கள். விடுதியில் இடம் கிடைக்காதவர்களும் விடுதிக் கட்டணம் கட்டாதவர்களும் நால்வர் ஐவராகச் சேர்ந்து ஒரு வீட்டையோ மாடி அறையையோ பிடிக்கிறார்கள். ஊரின் வாய்ச்சொல் பழக்கத்தையும் உடன் கொண்டு போகிறார்கள். அந்தச் சொல்லைக் காத்து நின்ற ஊரை மட்டும் அவர்களால் கொண்டு போக முடிவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டை மனத்தில் வரைந்து கொள்வோம். நாம் புனைந்து கொள்வதுதான். ஆயினும் வாடகை வீட்டில் குடியிருந்த எவருக்கும் அது புதிதாகத் தோன்றாது. நான்கு மாணவர்கள், மாதம் 6,000 ரூபாய் வாடகை, 30,000 ரூபாய் முன்பணம். எழுத்து இல்லை, ரசீது இல்லை. முதல் மூன்று மாதம் தொல்லை இல்லை. நான்காம் மாதம் மின்சாரத்திற்கு யூனிட் கணக்கில் வீட்டுக்காரர் தாமே ஒரு விலை வைக்கிறார். கோடை வந்ததும் மோட்டார் அறைக்குப் பூட்டு விழுகிறது. நண்பன் ஒருவன் ஓரிரவு தங்கினால் அதற்கும் ஏச்சு. தேர்வுக்குப் பத்து நாள் இருக்கையில், உறவினர் வருகிறார், வாரக் கடைசிக்குள் காலி செய்யுங்கள் என்கிறார். காலி செய்யும்போது முன்பணத்தில் பாதியைப் பிடித்துக் கொள்கிறார். காரணம், சுவரில் விரிசல்!

கரிசல் மண்ணை அறிந்தவர்களுக்கு இந்த விரிசல் எங்கிருந்து வந்தது என்று தெரியும். மழையில் ஊறிப் பருத்து, கோடையில் காய்ந்து சுருங்கிப் பிளக்கும் மண் அது. அதன்மேல் ஆழமின்றி அடித்தளம் போட்ட சுவர் ஆண்டுதோறும் வெடிக்கும். வாடகைக்கு இருப்பவர் யாராயினும் வெடிக்கும். மண் செய்த குற்றத்திற்கு மாணவன் தண்டம் கட்டுகிறான். குடியேறிய நாளில் அந்த விரிசல் அங்கே இருந்ததா என்று கேட்டால், இருந்தது என்பதற்கும் எழுத்தில்லை. இல்லை என்பதற்கும் எழுத்தில்லை. எழுத்து இல்லாத இடத்தில், பணம் எவர் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதே உண்மையாகி விடுகிறது.

இதைச் சிறுவர்களின் சில்லறை வழக்கு என்று தள்ளிவிட வேண்டாம். பிடித்துக் கொள்ளப்பட்ட அந்தப் பதினையாயிரம் ரூபாய், ஊரில் ஒரு தாய் பல மாதங்கள் களை எடுத்த கூலியாக இருக்கக் கூடும். 2020 மார்ச்சில் கொரோனா நோய்க்காக நாடு அடைக்கப்பட்டபோது, அம்மாதம் 29 ஆம் நாள் மத்திய உள்துறை அமைச்சகம் ஓர் ஆணை பிறப்பித்தது. தொழிலாளர்களிடம் ஒரு மாத காலத்திற்கு வாடகை கேட்கலாகாது என்றும், தொழிலாளர்களையோ மாணவர்களையோ வீட்டை விட்டு வெளியேறும்படி கட்டாயப்படுத்தும் உரிமையாளர்மீது பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் அந்த ஆணை கூறிற்று. நாடு முழுவதும் நோய்க்கு அஞ்சி ஒடுங்கிய வேளையில் மாணவர்களைப் பெயர் குறித்துக் காக்க வேண்டி வந்ததென்றால், மற்றை நாட்களில் அவர்கள் நிலை எத்துணை மெலிவானது என்பதை ஊகித்துக் கொள்ளலாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்ப்போம். 1882 ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குப் பதிவு செய்த பத்திரம் வேண்டும். அதற்குட்பட்டதை வாய்மொழியாகப் பேசி வீட்டை ஒப்படைத்தாலும் செல்லும். வாடகை ஒப்பந்தங்கள் பதினொரு மாதம் என்று எழுதப்படுவதன் இரகசியம் இந்த ஓராண்டு எல்லைதான். வேறு பேச்சு இல்லாதபோது குடியிருப்பு வாடகை மாதத்திற்கு மாதம் நடப்பதாகவும், அதை முடிக்கப் பதினைந்து நாள் முன்னறிவிப்பு வேண்டுமென்றும் அச்சட்டம் கருதுகிறது. ஆகவே எழுத்தில்லாதவன் உரிமையும் இல்லாதவன் என்பது தவறு. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டமோ, நகர்ப்புறங்களில் எழுத்து மூலமான ஒப்பந்தம் இன்றி வாடகைக்கு விடவும் கூடாது, எடுக்கவும் கூடாது என்கிறது. வேறு உடன்பாடு இல்லாதவிடத்து முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது என்றும், காலி செய்த ஒரு மாதத்திற்குள் உரிய கழிவு போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்றும், தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தலாகாது என்றும் அது விதிக்கிறது. நாம் வரைந்த எடுத்துக்காட்டில் இத்தனையும் மீறப்பட்டிருக்கின்றன. ஆனால் சட்டத்தின் வாயிலை அடைய அந்த மாணவர்கள் கையில் ஒரு தாளேனும் இருக்க வேண்டுமே!

நாட்டுச் சட்டம் 2019 இல் வந்து சேர்ந்த இந்த இடத்திற்கு, ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே திருமறை நம்மை அழைத்திருக்கிறது. திருக்குர்ஆனின் மிக நீண்ட திருவசனம் எது? அல்பகரா அத்தியாயத்தின் 282 ஆவது வசனம். தொழுகையையோ நோன்பையோ பற்றியதன்று அது. கொடுக்கல் வாங்கலை எழுதிக் கொள்வது பற்றியது. தவணை குறித்த கடனை எழுதிக் கொள்ள வேண்டும். எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும். சாட்சிகளை வைத்துக் கொள்ள வேண்டும். சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சலிப்படையலாகாது. அதுவே நீதிக்கு நெருக்கமானது, ஐயம் எழாமல் காப்பது என்பன அதன் கருத்துகள்.

அந்த வசனத்தில் நாம் அடிக்கடி கவனிக்காமல் கடந்து போகும் ஒரு நுட்பம் உண்டு. எழுத வேண்டிய வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் யார்? கொடுத்தவரல்லர், கடன்பட்டவர். அவர் இறைவனை அஞ்சி, தம்மீதுள்ள பொறுப்பில் எதையும் குறைக்காமல் தம் வாயாலேயே சொல்ல வேண்டும். கொடுத்தவர் கெஞ்சிக் கேட்டுப் பெறும் சலுகையாக எழுத்தை இறைவன் ஆக்கவில்லை. பெற்றவர் தாமே முன்வந்து செலுத்தும் கடமையாக ஆக்கியிருக்கிறான்.

இதை வாடகை வீட்டில் வைத்துப் பார்ப்போம். வாடகையைப் பொறுத்தவரை குடியிருப்பவர் கடன்பட்டவர். முன்பணத்தைப் பொறுத்தவரை கடன்பட்டவர் யார்? வீட்டுக்காரர் அல்லவா? அந்த 30,000 ரூபாய் அவர் பெட்டியில் இருந்தாலும் அவருடையதன்று. திருப்பித் தர வேண்டிய பிறர் பொருள். அதைக் கொண்டு அவர் தம் மகளுக்கு நகை வாங்கலாம், மாடி எழுப்பலாம். ஆயினும் அது அவர் கழுத்தில் கிடக்கும் கடனே. ஆகவே எழுதித் தரும் பொறுப்பு அவர்மீதுதான் முதலில் விழுகிறது. மாணவன் கூச்சத்தோடு கேட்டு, அவர் முகம் சுளித்து, "என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று வினவுவது முறை தலைகீழான காட்சி. கேட்பதற்கு முன்பே கொடுப்பதுதான் இறையச்சத்திற்கு அழகு.

கடன்பட்டவர் பலவீனராகவோ தாமே வாசகம் சொல்ல இயலாதவராகவோ இருந்தால், அவருடைய பொறுப்பாளர் நீதியோடு சொல்ல வேண்டும் என்பதும் அவ்வசனத்தின் கட்டளை. 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பது இந்நாட்டுச் சட்டம். முதலாண்டு மாணவர் பலர் பதினேழு வயதினர். அவர்களை அறையில் இறக்கிவிட்டுப் பேருந்து ஏறும் பெற்றோர், பாய் தலையணை வாங்கித் தந்ததோடு தம் கடமை முடிந்தது என்று கருதலாகாது. அந்தத் தாளில் கையெழுத்திடுவதும் அவர்கள் கடமையே.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஒருவரையொருவர் நம்பினால், நம்பப்பட்டவர் தம் அமானிதத்தை நிறைவேற்றட்டும் என்று அடுத்த வசனமே இடமளிக்கிறதே என்பார்கள். உண்மை. அறிஞர்களுள் பெரும்பாலோர் எழுதுவதை விரும்பத்தக்க செயல் என்றே கொண்டார்கள். கட்டாயக் கடமை என்று கருதிய இமாம் தபரீ போன்றோர் சிலரே. ஆனால் அந்தச் சலுகை எதைத் தளர்த்துகிறது? எழுத்தைத் தளர்த்துகிறது, பொறுப்பைத் தளர்த்தவில்லை. மாறாக அங்கேதான் இறையச்சம் மீண்டும் வலியுறுத்தப்படுகிறது. எழுத்து உள்ள இடத்தில் தாள் சாட்சி. எழுத்து இல்லாத இடத்தில் இறைவன் ஒருவனே சாட்சி. "எழுதினோமா என்ன?" என்று கையை விரிப்பவர், எந்தச் சாட்சியை மறுக்கிறார் என்பதை உணர வேண்டும்.

மேலும் வாடகை என்பது வெறும் அன்பளிப்பு அன்று. இஜாரா எனப்படும் வாடகை ஒப்பந்தத்தை மார்க்கச் சட்ட அறிஞர்கள் பயனை விற்பதாகவே கருதினார்கள். எந்த வீடு, எத்தனை காலம், என்ன தொகை என்பவை தெளிவாக இருக்க வேண்டும். பேசிய காலம் முடியுமுன் ஒரு தரப்பினர் தம் விருப்பத்திற்குக் கலைக்கலாகாது. "இருக்கிறவரை இருங்கள், பார்த்துக் கொள்ளலாம்" என்னும் பேச்சு இனிமையானதுதான். ஆனால் அதில் காலமும் இல்லை, கணக்கும் இல்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனா வந்து பள்ளிவாசல் எழுப்ப விரும்பிய நிலம், ஸஹ்ல், ஸுஹைல் என்னும் இரு அநாதைச் சிறுவர்களுக்கு உரியதாயிருந்தது. விலை கேட்டபோது, அன்பளிப்பாகவே தருகிறோம் என்றார்கள் அச்சிறுவர்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அதை ஏற்காமல் விலை கொடுத்தே வாங்கினார்கள். எளியவரின் அன்பைக் கணக்குக்கு ஈடாகக் கொள்ளாத அந்தப் பெருமான் நமக்கு முன்மாதிரி அல்லரோ?

இனி, மாணவர் பக்கத்துக் கேள்விக்கு வருவோம். அதுவே கடினமான கேள்வி. முன்பணம் திரும்பாது என்று அஞ்சும் மாணவர்கள் கடைசி ஐந்து மாத வாடகையைக் கொடுக்காமலே இருந்துவிட்டு, ஒருநாள் இரவில் சாமான்களை எடுத்துக்கொண்டு போய் விடுகிறார்கள். "எங்கள் பணத்தை நாங்கள் கழித்துக் கொண்டோம்" என்கிறார்கள். இது நியாயமா?

இதே வினாவை நம் முன்னோர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். தம் கணவர் அபூஸுஃப்யான் செலவுக்குப் போதிய அளவு தருவதில்லை என்று ஹிந்த் (ரலி) முறையிட்டபோது, தமக்கும் மக்களுக்கும் போதுமானதை நியாயமான அளவில் எடுத்துக் கொள்ள நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். மோசம் செய்தவருக்கும் பதிலுக்கு மோசம் செய்யலாகாது என்ற கருத்துடைய நபிமொழியும் உண்டு. இவ்விரண்டையும் வைத்துக்கொண்டு அறிஞர்கள் கருத்து வேறுபட்டார்கள். தர மறுப்பவரிடமிருந்து தம் உரிமையைத் தாமே எடுத்துக் கொள்வதை ஷாஃபிஈ அறிஞர்கள் அனுமதித்தனர். வரவேண்டியதும் கைக்குக் கிடைத்ததும் ஒரே இனப் பொருளாயின் ஆகும் என்றனர் ஹனஃபி அறிஞர்கள். ஹன்பலி மத்ஹபில் பெயர்பெற்ற கருத்து அதைத் தடுத்தது.

ஆனால் ஒன்றை நோக்குக. இந்த ஆராய்ச்சி எல்லாம், கொடுக்க வேண்டியவர் தவணை வந்தும் மறுத்துவிட்ட பிறகு எழுவது. முன்பணமோ காலி செய்த பின்னர்த்தான் திரும்பத் தரவேண்டியதாகிறது. ஆகவே முன்கூட்டியே வாடகையை நிறுத்துகிறவர், இன்னும் செய்யப்படாத குற்றத்திற்குத் தண்டனை விதிக்கிறார். வீட்டுக்காரரிடம் நேரில் சென்று, "இன்ன தேதியில் காலி செய்கிறோம், மீதி மாதங்களை முன்பணத்தில் கழித்துக் கொள்ளுங்கள்" என்று வெளிப்படையாகச் சொல்லி அவர் இசைந்தால் அது தூய கணக்கு. இசையாவிடில், வாடகையைச் சாட்சி அறியக் கொடுத்துவிட்டுப் பணத்தைக் கேட்டு நிற்பதே நம் கருத்தில் நேர்வழி. இரவில் ஓடுவதால் நேரும் கேடு அந்த வீட்டுக்காரரோடு முடிவதில்லை. அடுத்து வரும் மாணவனிடம் அவர் இரட்டிப்பு முன்பணம் கேட்பார். "பையன்களுக்கு வீடில்லை" என்று தெரு முழுவதும் கதவடைக்கும்.

இது எளியவர்மீது பெரும் பாரத்தைச் சுமத்துவதாகாதா என்று கேட்கலாம். ஆம், பாரந்தான். ஏமாற்றப்படுவோம் என்று தெரிந்தே நேர்மையாய் இருக்கச் சொல்வது எளிதன்று. அதனால்தான், மாணவனை அந்த நிலைக்குத் தள்ளிய பொறுப்பிலிருந்து எழுதித் தர மறுத்தவர் தப்ப முடியாது என்கிறோம். ஒருவனுடைய நேர்மையை அவனால் தாங்க முடியாத விலைக்கு உயர்த்துவதும் ஓர் அநீதியே.

வீட்டுக்காரர்கள் எல்லாரும் கொடியவர்கள் என்று நாம் கூறவில்லை. ஒரு பகுதியை வாடகைக்கு விட்டு அதில் வரும் பணத்தால் அடுப்பெரிக்கும் விதவையரும் வீட்டுக்காரர்கள்தாம். நால்வர் என்று சொல்லி எண்மர் தங்குவதும், நள்ளிரவு வரை கூச்சலிடுவதும், குழாயைத் திறந்து விட்டுப் போவதும், மின்கட்டணத்தை வைத்துவிட்டு மறைவதும் அவர்களுக்கு இழைக்கும் அநீதி. எத்தனை பேர் தங்குவது என்பது எழுதப்பட்டிருந்தால் அந்த எழுத்து அவர்களையும் காக்கும். வலியவர் எளியவர் என்பது எப்போதும் ஒரே பக்கம் நிற்பதில்லை.

இதற்குப் பெரிய பத்திரம் வேண்டியதில்லை. தெளிவான தாள் ஒன்று போதும். வாடகை, முன்பணம், மின்சாரக் கணக்கு, தண்ணீர், தங்குவோர் தொகை, காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு, சுவரில் ஏற்கெனவே உள்ள விரிசல் எவை என்பன எழுதி, இருவரும் பெற்றோரும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு படி வைத்துக் கொள்ளட்டும். நகர்ப்புறமாயின் வாடகை அதிகாரியிடம் பதியட்டும். இதுவரை எழுதாதவர்கள் இன்றே எழுதலாம். வாடகையை வங்கி வழியாகவோ கைப்பேசி வழியாகவோ செலுத்தினால் அதுவே ரசீதாக நிற்கும். பிணக்கு முற்றினால், நீதிமன்றப் படி ஏறுமுன் இருவரையும் அழைத்துப் பேச ஊர் ஜமாஅத்துகளும் முன்வரலாம். பள்ளிவாசலுக்குச் சொந்தமான வீடுகளிலிருந்தே இந்த ஒழுங்கு தொடங்குமாயின் அதனினும் சிறப்பு வேறில்லை.

நம் குடும்பங்களில் வீட்டை வாடகைக்கு விடுவோர் பலர். அவர்களுடைய பிள்ளைகளே சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் பிறர் வீட்டில் ஓர் அறையை, சில வேளை ஒரு கட்டிலை மட்டும், வாடகைக்குப் பிடித்து வாழ்கிறார்கள். தம் மகன் தங்கியிருக்கும் வீட்டின் உரிமையாளர் அவனை எப்படி நடத்த வேண்டும் என்று ஒரு தந்தை இரவில் எண்ணுகிறாரோ, அந்த எண்ணத்தையே மறுநாள் காலையில் தம் வாசலில் வந்து நிற்கும் புதூர்ப் பையனுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். அவன் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.